மாட்சா கசக்காமல், கட்டி தட்டாமல்: வீட்டிலேயே பக்குவமாகக் கலக்கும் முறை

மாட்சா என்பது ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள். வீட்டில் கலக்கும் மாட்சா கசந்துபோக முதல் காரணம் கொதிநீர். அடுத்தது, அளவு பார்க்காமல் கரண்டியில் அள்ளிப் போடுவது. அதற்கடுத்தது, திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த தூள். இந்த மூன்றையும் சரிசெய்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்தது. மூங்கில் மத்தும் அழகான கிண்ணமும் அதற்குப் பிறகுதான்.

சாதாரண டீயில் டிகாக்‌ஷன் இறங்கியதும் இலையை வடிகட்டிக் கொட்டிவிடுகிறோம். மாட்சாவில் அந்த வசதி கிடையாது. அரைத்த இலை முழுவதும் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது, அதையேதான் குடிக்கிறோம். தூள் பழசாக இருந்தாலும், தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தாலும், சூடு கூடிப்போனாலும் அத்தனையும் நாக்குக்கு வந்து சேரும்.

தூளைத் தேர்ந்தெடுப்பது

மாட்சாவின் இனிப்பு கலந்த தனிச்சுவை தோட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஜப்பானில் பறிப்புக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தேயிலைச் செடிகளுக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின் என்ற அமினோ அமிலம், வெயில் பட்டால் கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருளாக மாறும். நிழலில் அந்த மாற்றம் குறைவதால் சுவை மிஞ்சுகிறது. வெளிச்சம் போதாததால் இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. அந்த அடர்பச்சை அப்படி வந்ததுதான். பறித்த இலையை உடனே ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் கிடைப்பது தெஞ்சா. அதைக் கல் எந்திரத்தில் அரைத்தால் மாட்சா. ஒரு எந்திரம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 40 கிராம்தான் அரைக்கும். வேகத்தைக் கூட்டினால் கல் சூடாகி வாசனை போய்விடும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வெயிலில் வளர்ந்த சாதாரணப் பச்சைத் தேயிலையைப் பொடித்து ‘மாட்சா’ என்று பெயர் ஒட்டி விற்கிறவர்களும் உண்டு. அதை எந்தச் சூட்டில், எந்த மத்தில் கலக்கினாலும் கசப்பு போகாது. குற்றம் உங்கள் கையில் இல்லை.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை சில. சேர்மானப் பட்டியலில் தேயிலை ஒன்றே இருக்க வேண்டும். சர்க்கரையும் பால்பவுடரும் சேர்ந்திருந்தால் அது லாட்டே மிக்ஸ். எந்த ஊர் என்று எழுதியிருப்பது நல்லது: கியோட்டோ மாகாணத்தின் உஜி, ஐச்சியின் நிஷியோ, ஃபுகுவோகாவின் யாமே, தெற்கே ககோஷிமா ஆகியவை பேர்போன இடங்கள். முதல் பறிப்பு இலை, அரைத்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை குறிப்பிட்டிருந்தால் விற்பவர் அக்கறையுள்ளவர் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘செரிமோனியல் கிரேடு’ (தேநீர்ச் சடங்குக்குரிய தரம்) என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஜப்பானில் அப்படி ஒரு சட்டபூர்வத் தர அளவுகோல் இல்லை. வெளிநாட்டு விற்பனைக்காகப் பரவிய பெயர் அது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

கையில் வந்த பிறகு ஒரு சோதனை. வெள்ளைத்தாளில் ஒரு சிட்டிகை வைத்து விரலால் ஒரே இழுப்பாக இழுங்கள். நல்ல தூள் நீளமாக, இடைவெளி விடாமல் பச்சைக் கோடாகப் பதியும். கொரகொரப்பான தூள் பாதியில் திட்டுத் திட்டாக நின்றுவிடும். நிறம் பளிச்சென்ற இளம்புல் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளோ காக்கியோ கலந்திருந்தால் அது பழசு, அல்லது கடைசிப் பறிப்பு இலை. முகர்ந்தால் பச்சைக் காய்கறியின் இளம் வாசமும் லேசான இனிப்பும் வரும். காய்ந்த வைக்கோல் வாசம் வந்தால் தண்ணீரில் கலந்து குடிக்க அது லாயக்கில்லை. கேக்குக்கோ ஐஸ்கிரீமுக்கோ ஒதுக்கிவிடுங்கள்.

30 அல்லது 40 கிராம் டப்பாவே வாங்குங்கள். விலை சகாயம் என்று கால் கிலோ வாங்கினால் பாதி தீருவதற்குள் மீதி கெட்டுவிடும்.

தண்ணீர்

ஊற்றுக்கிணறு, போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கேட்டச்சின்களோடு சேர்ந்து நிறத்தை மங்கவைக்கும், சுவையைத் தட்டையாக்கும். ஜப்பானில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். இந்தத் தேநீர் முறையே அந்த நீரில் வளர்ந்தது. நம் வீடுகளில் ஆர்.ஓ. நீரோ கேன் நீரோ போதும். டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, 50 முதல் 100 வரை இருந்தால் சுவை நன்றாகத் திரளும். ஆர்.ஓ. எந்திரத்தை 10, 20 என்று அடிமட்டத்தில் வைத்திருந்தால் டீ கொஞ்சம் வெறுமையாகத் தோன்றும், ஆனாலும் போர்வெல் நீரைவிட அது மேல். குளோரின் வாடை உள்ள குழாய்த் தண்ணீர் என்றால் மூடாமல் நன்றாகக் கொதிக்கவிட்டு எடுங்கள்.

சூடு 75 முதல் 80 டிகிரி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தியானின் குறைந்த சூட்டிலேயே எளிதில் கரைந்துவிடும். துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டச்சினும் காஃபினும் சூடு ஏற ஏறத்தான் அதிகமாக இறங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இனிப்பு இருந்தும் தெரியாது; கசப்பு அதை மூடிவிடும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு நாம் தினமும் செய்கிற ஆற்றும் வேலையே கைகொடுக்கும். கொதித்த தண்ணீரைச் சூடில்லாத ஒரு பீங்கான் கோப்பைக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். இன்னொரு கோப்பைக்கு மாற்றினால் இன்னும் 10. ஆக, இரண்டு முறை மாற்றினால் 80-க்கு வந்துவிடும். மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் இறக்கம் கொஞ்சம் குறைவு, அதனால் மூன்றாவது முறையும் மாற்றுங்கள். அவசரமென்றால் மூன்று பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு அறைச்சூட்டுக் குடிநீர் சேர்த்தாலும் 80-ஐ ஒட்டி நிற்கும்.

சாமான்கள்

சாசென் என்பது ஒரே மூங்கில் துண்டைக் கீறிச் செய்த மத்து. நாரா மாகாணத்தின் தகயாமா இதற்குப் பெயர்பெற்ற ஊர். 80 அல்லது 100 இழைகள் உள்ளதை வாங்கினால் அன்றாடக் கலக்கலுக்குச் சரியாக இருக்கும். இழைகள் குறைந்து, தடித்தவை அடர்ந்த கலவைக்கானவை. நுரை சுலபத்தில் வராது.

கிண்ணம் அகலமாக, அடி வளைந்து இருக்க வேண்டும். 11, 12 சென்டிமீட்டர் வாய் உள்ள பீங்கான் சூப் கிண்ணம் போதும். அடி தட்டையாக இருந்தால் மூலையில் தூள் ஒதுங்கிக்கொள்ளும். டம்ளரில் கை ஓடாது. எவர்சில்வர் கிண்ணம் கையைச் சுடும், டீயும் சீக்கிரம் ஆறிவிடும்.

நெருக்கமான கண் உள்ள டீ வடிகட்டி ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். பாலும் டிகாக்‌ஷனும் வடிகட்டியது வேண்டாம். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் மிகவும் நல்லது. தலைதட்டிய சிறு டீஸ்பூன் ஏறத்தாழ 2 கிராம் என்றாலும் வீட்டுக்கு வீடு ஸ்பூன் மாறும். ஒரு முறை நிறுத்துப் பார்த்து உங்கள் ஸ்பூனின் கணக்கைத் தெரிந்துகொண்டால் அப்புறம் தராசு கூடத் தேவையில்லை.

கலக்கும் முறை

ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் தூள், மொத்தம் 65 மி.லி. தண்ணீர். ‘இவ்வளவு கொஞ்சமா’ என்று தோன்றும். பெரிய கோப்பை நிறைய வேண்டுமென்று 200 மி.லி. ஊற்றிவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று தூளைக் கூட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. மாட்சா சிறு அளவில், திக்காகக் குடிக்க வேண்டிய பானம்.

முதலில் கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, அதில் சாசெனின் நுனியை ஒரு நிமிடம் நனையவிடுங்கள். காய்ந்த மூங்கில் இழை நனைந்தால்தான் வளைந்து கொடுக்கும், இல்லையென்றால் நுனி ஒடிந்து டீயில் விழும். கிண்ணமும் சூடாகிவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாடையில்லாத காய்ந்த துணியால் கிண்ணத்தை ஈரமில்லாமல் துடையுங்கள். ஈரம் இருந்தால் தூள் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது தூளை வடிகட்டியில் போட்டு, ஸ்பூனின் அடிப்பக்கத்தால் மெல்லத் தேய்த்துச் சலியுங்கள். இவ்வளவு நுண்ணிய தூள் நிலைமின்சாரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு உருண்டைகளாக டப்பாவிலேயே நிற்கும். தண்ணீர் பட்டதும் அந்த உருண்டையின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து உறையாகிவிடும், உள்ளே காய்ந்த தூள் அப்படியே இருக்கும். எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் அது உடையாது. குடிக்கும்போது பல்லில் சிக்கிக் கசக்கும். சலிக்கும் அரை நிமிடத்தைச் சோம்பலில் தவிர்த்துவிட்டால் அதை மத்தால் ஈடுகட்ட முடியாது. மொத்த டப்பாவையும் ஒரேயடியாகச் சலித்து வைப்பதும் வேண்டாம், காற்றுப்பட்டு வாசனை போய்விடும்.

சலித்த தூளின் மேல் 15 மி.லி., அதாவது ஒரு டேபிள்ஸ்பூன், அறைச்சூட்டுக் குடிநீர் ஊற்றி, சாசெனால் மெதுவாகக் குழையுங்கள். பத்து விநாடியில் மழமழவென்று, பெயின்ட் பதத்தில் ஒரு விழுது வரும். கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிய தூளையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு, ஒரே ஒரு முறை கோப்பை மாற்றிய தண்ணீர், அதாவது 90 டிகிரியை ஒட்டியது, 50 மி.லி. ஊற்றுங்கள். குளிர்ந்த விழுதோடு சேர்ந்ததும் கிண்ணத்தில் சூடு 75-ஐ ஒட்டி வந்து நிற்கும். கட்டியும் தட்டாது, இலையும் வேகாது. முதலிலேயே 80 டிகிரித் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கலக்குவது ஜப்பானிய வழக்கம். கை பழகியவர்களுக்கு அதுவும் நன்றாகவே வரும்.

கலக்குவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோர் கடைந்த கை இங்கே தடம் மாறும். மத்தைச் சுழற்றக் கூடாது. சுழற்றினால் தண்ணீர் முழுவதும் ஒரே திசையில் சுற்றும். காற்று உள்ளே நுழையாது, நுரை கட்டாது. கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் சாசெனை நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் அடிக்க வேண்டும். மணிக்கட்டு மட்டும் ஆடட்டும், தோள் அசைய வேண்டாம். மற்றக் கை கிண்ணத்தை அசையாமல் பிடித்திருக்கட்டும். நுனி அடியைத் தொட்டும் தொடாமல் இருப்பது சரியான ஆழம். அழுத்தித் தேய்த்தால் இழைகள் வளைந்து பிளந்துவிடும்.

முதல் சில வீச்சுகள் அடியைத் துழாவட்டும். அப்புறம் 15, 20 விநாடி வேகமாக. முதலில் பெரிய குமிழிகள் வரும், பிறகு அவை சிறுத்து நெருங்கும், சத்தமும் சலசலப்பிலிருந்து மந்தமாக மாறும். அந்த மாற்றம் கேட்டதும் மத்தை மேல்மட்டத்துக்குத் தூக்கி, நுரையை மட்டும் மெல்ல வருடுவதுபோல் நாலைந்து முறை இழுங்கள். மிச்சமிருக்கும் பெரிய குமிழிகள் உடைந்துவிடும். நடுவில் நிறுத்தி நேராகத் தூக்கி எடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தால் நுரை கூடாது, டீ ஆறிப்போவதுதான் மிச்சம்.

நுரைக்குக் காரணம் தேயிலையில் உள்ள சபோனின். நுரை கசப்பின் கூர்மையை மட்டுப்படுத்தி வாயில் மெத்தென்று உணரவைக்கும். ஆனால் நுரை நிறைய வந்தால்தான் நல்ல மாட்சா என்று அளவு வைத்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானின் தேநீர்ச் சடங்கு மரபுகளிலேயே உராசென்கே முழுக்க நுரை கட்டும். ஒமொத்தெசென்கே பாதியை நுரையில்லாமல் விட்டுவிடும். இரண்டிலும் சுவைக்குக் குறைவில்லை.

கலக்கியதும் உடனே குடித்துவிடுங்கள். தூள் கரைவதில்லை, மிதக்கத்தான் செய்கிறது. சில நிமிடம் வைத்தாலே அடியில் மண்டி தங்கும். மேலே சப்பென்றும் கீழே காறலாகவும் இருக்கும். சர்க்கரை சேர்க்காமல் குடிக்கப் பழகாதவர்கள், ஜப்பானியர்கள் செய்வதுபோல் டீக்கு முன்னால் ஒரு சிறு இனிப்பைச் சாப்பிட்டு முடித்துவிடலாம். அங்கே பயறு விழுதில் செய்த பலகாரம். இங்கே ஒரு துண்டு தேங்காய் பர்பியோ ஒரு பேரீச்சம்பழமோ போதும். இனிப்பு நாக்கில் நிற்கும்போது மாட்சாவின் மணம் தனியாகத் தெரியும்.

மத்து இல்லாவிட்டால்

பாட்டரியில் ஓடும் பால் நுரைக்கும் கருவி பரவாயில்லை. உயரமான கோப்பையில் கலந்து 10 விநாடி போதும். குமிழி கொஞ்சம் பெரிதாக இருக்கும், சுவையில் பெரிய குறையில்லை. மூடி போட்ட பாட்டிலில் குலுக்குவதென்றால் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் செய்யுங்கள். சுடுதண்ணீரை மூடிக் குலுக்கினால் உள்ளே அழுத்தம் கூடி மூடி தெறிக்கும். மிக்ஸி ஜார் வேண்டவே வேண்டாம்; எத்தனை முறை கழுவினாலும் சட்னி வாசம் அதன் ரப்பர் வளையத்தில் இருக்கிறது, மாட்சா அதை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

பாலோடும் குளிர்ச்சியாகவும்

டீத்தூளைப் போல மாட்சாவைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் நிறம் காக்கியாகிவிடும். சூட்டில் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்றுபோவதுதான் காரணம். முதலில் 3 கிராம் தூளை 40 மி.லி. தண்ணீரில் மேலே சொன்னபடி கலக்குங்கள். பிறகு 60, 65 டிகிரிச் சூட்டில் உள்ள 150 மி.லி. பாலை ஊற்றுங்கள். ஏற்கெனவே காய்ச்சிய பாலை, ஓரத்தில் சிறு குமிழி தோன்றும்வரை மட்டும் சுடவைத்தால் அந்தச் சூடுதான். ஏடு இருந்தால் எடுத்துவிடுங்கள். நேராகப் பாலில் தூளைக் கரைக்கப் பார்த்தால் கட்டி தட்டும்.

பால்புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்வதால் கசப்பு மட்டுப்படும். அதனால் லாட்டேவுக்கு உயர்ந்த விலைத் தூளைச் செலவழிக்காதீர்கள். கொஞ்சம் துவர்ப்புள்ள நடுத்தரத் தூள்தான் பாலைத் தாண்டி வெளியே தெரியும். இனிப்புக்கு வெள்ளைச் சர்க்கரையே பொருத்தம். கருப்பட்டிக்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் தனி மணம் உண்டு, அது மாட்சாவை மூடிவிடும். இஞ்சி, ஏலக்காய்க்கும் இதே கதைதான்.

வெயில் காலத்துக்குக் குளிர்ந்த மாட்சா அருமை. சலித்த தூள் 2 கிராம், ஃப்ரிட்ஜ் தண்ணீர் 150 மி.லி., மூடியுள்ள பாட்டிலில் 30 விநாடி குலுக்கி, ஐஸ்கட்டிகளின் மேல் ஊற்றுங்கள். குளிர்நீரில் கசப்பு குறைவாகவே இறங்குவதால் சூடாகக் குடித்துப் பிடிக்காதவர்களுக்கும் இது பிடிக்கும். 30 மி.லி. தண்ணீரில் திக்காகக் கலக்கி, குளிர்ந்த இளநீரின் மேல் மெதுவாக ஊற்றினாலும் நன்றாக இருக்கும், சர்க்கரையே தேவைப்படாது. எலுமிச்சை சேர்த்தால் புளிப்பில் பச்சை நிறம் மங்கும், அதைத் தெரிந்து செய்யுங்கள்.

எப்போது, எவ்வளவு

2 கிராம் மாட்சாவில் சுமார் 64 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் குடித்தால் தூக்கம் கெடுபவர்கள் நிறையப் பேர். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்ட பிறகு குடிக்கலாம். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம். கேட்டச்சின் இரும்பு உட்கிரகிப்பதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தூளையும் மத்தையும் காப்பது

தூளுக்குக் காற்று, வெளிச்சம், சூடு, ஈரம், வேற்று வாசனை அத்தனையும் ஆகாது. திறக்காத டப்பாவை ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காதீர்கள்: குளிர்ந்த தூளின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிந்து கட்டியாகிவிடும். டப்பா அறைச்சூட்டுக்கு வரும்வரை, சில மணி நேரம், மூடியபடியே வெளியே இருக்கட்டும். திறந்த பிறகு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தினமும் எடுப்பதானால் இறுக்க மூடி, அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான இடத்தில் வைக்கலாம். பெருங்காயமும் காபித்தூளும் இருக்கும் அலமாரி மட்டும் வேண்டாம். அள்ளும் ஸ்பூன் துளி ஈரமில்லாமல் இருக்கட்டும்.

சாசெனைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, மூங்கில் அதை உறிஞ்சிக்கொள்ளும். குடித்து முடித்ததும் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கலக்குவதுபோலவே நாலு முறை அடித்து, இழைகளுக்கு நடுவே ஒட்டியதை விரலால் மேலிருந்து நுனி நோக்கி வருடி எடுங்கள். உதறிவிட்டு, குசெனாவோஷி என்ற பீங்கான் தாங்கியில் மாட்டினால் வடிவம் கெடாமல் காயும். தாங்கி இல்லையென்றால் காற்றோட்டமான இடத்தில் நிற்கவையுங்கள். வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் ஈரத்தோடு போட்டு மூடினால் மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். கரும்புள்ளி தெரிந்தால் தேய்த்துச் சரிக்கட்டப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். நடு இழைகள் ஒன்றிரண்டு உடைந்திருந்தால் இன்னும் சில நாள் ஓட்டலாம். வெளி இழைகள் ஒடியத் தொடங்கினால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது.